ஈப்பொறிக்கும் ஓர் ஆடிப்பட்டம்

ராகியைவிடச் சற்றுச் சிறிய விதை. கன்னங்கரேலென்று பளபளக்கும், ஒரு முனை கூர்த்து மறுமுனை உருண்டிருக்கும். உள்ளங்கையில் பத்து விதையைக் கொட்டி வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டால் பாதி காணாமல் போகும். இதிலிருந்து முளைக்கிற செடி முழு வளர்ச்சி அடைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அதே நாளில் பொள்ளாச்சியில் நட்ட குட்டை ரகத் தென்னை அதற்குள் பாளை விட்டிருக்கும்.

வீனஸ் ஃப்ளைட்ராப் என்று உலகம் அழைக்கும் ஈப்பொறிச் செடியின் விதை இது. பள்ளி அறிவியல் பாடத்தில் பூச்சியுண்ணும் தாவரங்களைப் படித்த எல்லோருக்கும் அந்தப் பல் வைத்த இலை நினைவிருக்கும். மொட்டை மாடித் தோட்டம் வீதிக்கு வீதி பரவிவிட்ட கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பகுதிகளில் அதை வீட்டிலேயே வளர்த்துப் பார்க்கும் ஆசை எழுவதில் வியப்பில்லை. வளர்ந்த செடியை வாங்கி வைப்பது ஒரு வழி. விதை போட்டு, முளை கண்டு, குண்டூசித் தலையளவுப் பொறி முதல்முறை திறப்பதைப் பார்ப்பது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழி கொங்கு நாட்டில் நடக்குமா என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

நடக்கும். ஆனால் இந்த ஊர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவில் பெரும்பகுதியைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இதற்குள் நுழைய வேண்டும். மண்ணுக்குத் தொழுவுரம் போடுவது, கிணற்று நீர் பாய்ச்சுவது, வாடினால் நுண்ணூட்டம் தெளிப்பது எல்லாமே ஈப்பொறி நாற்றுக்கு நஞ்சு. கொடுமுடியிலிருந்து தமிழகமெங்கும் பரவிய பஞ்சகவ்யத்தை ஒரு மூடி ஊற்றினாலும் வேர் கருகும். பசியிலேயே பழகிய செடி அது. வேர்வழியாக ஊட்டினால் செத்துப்போகும்.

அந்தப் பசி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் வளர்ப்பு முறையில் பாதி தானாகவே விளங்கிவிடும். ஈப்பொறி இயற்கையாக வளரும் இடம் உலகில் ஒன்றே ஒன்று: அமெரிக்காவின் வட கரோலைனா, தென் கரோலைனா மாநிலங்களின் கடலோரச் சமவெளி. வில்மிங்டன் நகரை நடுவில் வைத்துப் பார்த்தால், கோவைக்கும் சேலத்துக்கும் உள்ள தூரத்துக்குள் அதன் மொத்த உலகமும் அடங்கிவிடும். மணலும் கரிய மட்கும் கலந்த நிலம். நெட்டிலைப் பைன் மரங்கள் விலகி விலகி நிற்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீ புதர்களை எரித்துவிடுவதால் வெயில் தடையின்றி மண்ணைத் தொடும். நிறையப் பெய்யும் மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது புளித்த, ஈரமான, தழைச்சத்து இல்லாத மண். மண் தராத தழைச்சத்தைப் பூச்சியிடம் எடுத்துக்கொள்ளப் பழகியது அந்தச் செடி. மாவுச்சத்தை மற்றச் செடிகளைப்போல வெயிலில்தான் சமைத்துக்கொள்கிறது. ஆகவே பூச்சி இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். வெயில் இல்லாமல் இருக்காது. இந்த ஒரு வரி புரியாமல் வரவேற்பறை மேசையில் வைக்கப்பட்டு நலிந்துபோன செடிகள் ஏராளம்.

வட கரோலைனாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ் 1759-இல் லண்டன் நண்பர் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில்தான் இந்தச் செடி முதன்முதலாகப் பதிவாகிறது. 1768-இல் ஜான் எல்லிஸ் அதற்கு டயோனியா மஸ்கிபுலா என்று பெயர் வைத்தார். அவர் 1770-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்தும் பிற தொலைதூர நாடுகளிலிருந்தும் விதைகளையும் செடிகளையும் உயிர் கெடாமல் கப்பலில் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அந்த நூலின் பொருள். அதன் பின்னிணைப்பாகத்தான் ஈப்பொறியின் படமும் விளக்கமும் உலகுக்குக் கிடைத்தன. கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்து விதை கொண்டுபோக எழுதிய கையேட்டில் அறிமுகமான செடியின் விதை இப்போது இந்தியாவுக்குத் தபாலில் வரும் காலம்.

அந்தத் தபாலில்தான் முதல் தடையும் இருக்கிறது. இணையத்தில் 'நூறு விதை' என்று மலிவு விலைக்கு விற்கப்படும் பொட்டலங்களில் பெரும்பாலானவை ஈப்பொறியே அல்ல. நீலப் பொறி, ஊதாப் பொறி, கறுப்புப் பொறி என்று படம் போட்டிருந்தால் அங்கேயே விலகிக்கொள்ளலாம். இயற்கையில் இந்தச் செடிக்குப் பச்சையும் சிவப்பும் அவற்றின் சாயல்களும் மட்டுமே உண்டு. விதை பழுப்பாகவோ தட்டையாகவோ மயிரோடோ இருந்தால் அது வேறு ஏதோ களை. ஏமாந்தவர்கள் புல் முளைப்பதை ஒரு மாதம் வரை நம்பிக்கையோடு நீரூற்றிக் காப்பாற்றுவார்கள் என்பதுதான் இந்த மோசடியின் கொடுமை. அதிலும் பிள்ளைகள் சேமித்த காசில் வாங்கிய பொட்டலமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பதிலும் சிக்கல் உண்டு. தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை, 2003-இன்படி, இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நோயின்மைச் சான்றும் இல்லாமல் விதை உள்ளே வரக்கூடாது. 2020 ஆகஸ்டில், யாரும் கேட்காமலே வீடுகளுக்கு வரும் மர்ம விதைப் பொட்டலங்கள் குறித்து மத்திய வேளாண் அமைச்சகம் எச்சரிக்கை விடுத்ததும் இந்தக் காரணத்தால்தான். விதையோடு என்ன நோய், என்ன களை வருமென்று சொல்ல முடியாது. செடியின் தாயகத்திலோ நிலைமை வேறுவிதமாகக் கவலை தருகிறது. காட்டில் திருடி விற்பவர்கள் பெருகியதால் 2014 டிசம்பர் முதல் வட கரோலைனாவில் சில மாவட்டங்களில் ஈப்பொறியைத் தோண்டுவது சிறைத்தண்டனைக்குரிய பெருங்குற்றம். ஆகவே நேர்மையான வழி, இங்கேயே செடி வளர்த்து, பூக்கவிட்டு, விதை எடுப்பவரிடம் கேட்டு வாங்குவதுதான். அப்படி வாங்கும்போது எந்த மாதம் எடுத்த விதை, எங்கே வைத்திருந்தது என்ற இரண்டு கேள்வியை மறக்கக்கூடாது. சாதாரண அறைச் சூட்டில் கிடந்த விதையின் முளைப்புத்திறன் மாதத்துக்கு மாதம் சரியும். குளிர்பதனப் பெட்டியில் உலர்ந்த காகித உறையில் இருந்த விதை ஆண்டுகள் தாங்கும்.

விதை கைக்கு வந்துவிட்டது. அடுத்தது தண்ணீர்.

கோவைக்காரர் தண்ணீர்ப் பெருமை பேசுவதில் நியாயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சே.ப. நரசிம்மலு நாயுடு போன்றோர் முன்வைத்த சிறுவாணிக் கனவு நனவாகி, முத்திக்குளம் மலையின் நீர் நகரத்துக்கு வந்தது. கல்லும் காடும் வடிகட்டிய அந்த நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அதன் சுவைக்குக் காரணமே அதுதான். ஈப்பொறிக்கு வேண்டியதும் அதே குணம். கரைந்த உப்பின் அளவு பத்துலட்சத்தில் 50 பங்குக்குள் இருந்தால் செடி சுகமாக இருக்கும். 100-ஐத் தாண்டினால் மெல்ல மெல்ல மண்ணில் உப்புப் படியும். சில மாதங்களில் இலை நுனி கருகத் தொடங்கும்.

ஆனால் நகரம் முழுக்கச் சிறுவாணி ஓடுவதில்லை. பில்லூர், ஆழியாறு என்று பகுதிக்குப் பகுதி ஆதாரம் மாறுகிறது, குளோரினும் சேர்கிறது. கூடவே வீட்டுக்கு வீடு ஆழ்குழாய். மதுக்கரையில் சுண்ணாம்புக்கல்லை நம்பிச் சிமென்ட் ஆலையே நடந்த நிலத்தடி இது. ஆழத்திலிருந்து வரும் உப்புத் தண்ணியில் கரைந்த உப்பு ஆயிரத்தைத் தாண்டும் குழாய்கள் பல. வாளியின் அடியில் வெள்ளைப் படலம் விடும் தண்ணீரை ஈப்பொறிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று இந்த வளர்ப்பில் மண்வெட்டியைவிட முக்கியமான கருவி.

என்ன தண்ணீர் ஊற்றலாம்? மழைநீர்தான் முதலிடம். 2003-இல் தமிழகம் முழுவதும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து கூரையிலிருந்து குழாய் இறங்காத வீடு அரிது. முதல் மழையில் தூசியைக் கழுவ விட்டுவிட்டு அடுத்த மழையில் ஒரு டிரம் பிடித்துவைத்தால் பத்துத் தொட்டிக்கு மாதக்கணக்கில் போதும். அடுத்தது ஆர்.ஓ. தண்ணீர். இங்கே ஒரு நுட்பம் உண்டு: பல ஆர்.ஓ. இயந்திரங்கள் சுவைக்காகத் தாது உப்பைத் திரும்பச் சேர்த்துத்தான் வெளியே விடும். மீட்டரை விட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் விலை கூடுதல். ஆனால் நாற்றுப் பருவத்தில் தேவைப்படும் சிறு அளவுக்கு அது தோதானது. இருபது லிட்டர் கேன் தண்ணீரின் தன்மை ஆலைக்கு ஆலை மாறும். காய்ச்சி ஆறவைத்த குழாய்த் தண்ணீர் உதவாது. காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர, கரைந்த உப்பில் பெரும்பகுதி கூடவே இருக்கும்.

மண் விஷயத்தில்தான் கொங்கு நாட்டுக்காரர் பெரிய தவறைச் செய்வார். அதுவும் நல்ல எண்ணத்தோடு. பொள்ளாச்சியைச் சுற்றித் தென்னை நார் ஆலைகள் குவிந்துகிடக்கின்றன. அங்கிருந்து தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள் கப்பலேறி உலகெங்கும் பசுமைக்குடில்களுக்குப் போகின்றன. நம் குழித்தட்டு நாற்றங்கால்களில் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று எழுவதும் இந்தத் தென்னை நார்த் தூளில்தான். கையருகே இவ்வளவு நல்ல சரக்கு இருக்க, வெளிநாட்டு பீட் மாஸ் எதற்கு என்று தோன்றுவது இயல்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நார்த் தூளில் பொட்டாசியமும் சோடியமும் உப்பாகத் தங்கியிருக்கும். அந்த உப்பை நீக்கத் தரமான ஆலைகள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவும். தக்காளிக்கு அது வரம், ஈப்பொறிக்கு அதுவும் உரம்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய மட்கிய தென்னை நார்க்கழிவு இன்னும் ஒத்துவராது; ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கி மட்கவைத்த சத்தான உரம் அது. காங்கேயத்துக் காட்டுக்கு அருமை, இந்தத் தொட்டிக்கு ஆகாது. கழுவாத நார்த் தூளை மழைநீரில் பலமுறை ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை மீட்டரில் பார்த்து, அளவு 50-க்குக் கீழே வந்தபின் பயன்படுத்தும் வளர்ப்பாளர்கள் உண்டு. அது நடக்கக்கூடிய வழிதான். ஆனால் அரிதாகக் கிடைத்த விதையை அதில் பணயம் வைப்பது சரியல்ல. நார்த் தூள் ஈப்பொறி மண்ணைப் போலப் புளிப்பதுமில்லை.

பழகிய கலவை உரம் சேர்க்காத பீட் மாஸ் இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது கழுவிய வெள்ளைச் சிலிக்கா மணல் ஒரு பங்கு. பை மேல் 'ஊட்டச்சத்து சேர்த்தது' என்றோ 'சுண்ணாம்பு சேர்த்துப் புளிப்பு குறைத்தது' என்றோ இருந்தால் வாங்கக் கூடாது. அமராவதியிலோ காவிரியிலோ எடுத்த ஆற்று மணலில் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் இருக்கும். ஒரு கரண்டி மணலில் நாலு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். எம்-சாண்டின் பாறைத் தூள் இறுகி வேருக்குக் காற்றை அடைக்கும். பீட் மாஸ் சதுப்பு நிலங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் படிந்து சேர்வது. அதை வெட்டியெடுப்பதில் ஒரு குற்றவுணர்வு எழத்தான் செய்யும். பத்து நாற்றுக்கு இரண்டு கைப்பிடி போதும் என்பதே ஆறுதல்.

இனி விதைப்பு. விதையைக் குளிரில் வைத்து எடுக்க வேண்டுமா என்பதில் வளர்ப்போரிடையே இரண்டு கட்சி. ஈரப் பாசியில் சுற்றி நான்கு முதல் ஆறு வாரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் எல்லா விதையும் ஒன்றுபோல முளைக்கும் என்பது ஒரு கட்சி. காயிலிருந்து உதிர்ந்த சூட்டோடு போட்டால் குளிரே வேண்டாம் என்பது மற்றது. அனுபவம் இரண்டாவதன் பக்கம்தான் அதிகம் சாய்கிறது. புது விதைக்குக் குளிர் தேவையில்லை, வயதான விதைக்குக் கொடுத்தால் கெடுதல் இல்லை. பட்டம் என்று பார்த்தால் கோவைக்கு ஆடி பொருத்தம். பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று குளிர்ந்து வரும், சாரல் விழும், பகல் வெப்பம் முப்பதை ஒட்டி நிற்கும். ஈப்பொறி விதை முளைக்கக் கேட்பது 21 முதல் 29 பாகை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோர் மனத்தில் இந்தச் செடி இருந்திருக்க வழியில்லை என்றாலும், கணக்கு அப்படியே பொருந்துகிறது.

விதையை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலாகத் தூவி, மழைநீரைப் பனிபோலத் தெளித்தால் போதும். மேலே கண்ணாடித் தட்டோ ஒளி ஊடுருவும் டப்பா மூடியோ போட்டு, காலை வெயில் சாய்ந்து விழும் இடத்தில் அல்லது ஐம்பது விழுக்காடு நிழல்வலைக்குக் கீழே வைக்க வேண்டும். ஆடிக் காற்றுக்குத் தட்டே பறந்துவிடும் மாடிகள் உண்டு. சுவரோரம் ஒதுக்குவது நல்லது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் முளை தெரியும். முதலில் வருவது ஊசிபோன்ற இரண்டு வித்திலை. அவற்றில் பொறி இருக்காது. மூன்றாவதாக எழும் இலையில் பொறி இருக்கும். பெருக்காடி வைத்துப் பார்த்தால் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வாயிலும் பல் வரிசை தெரியும். ஐந்தாண்டு காத்திருப்பை ஏற்றுக்கொள்ள வைப்பது இந்தக் காட்சிதான்.

இந்தக் கட்டத்தில் நாற்றைக் கொல்வது நாற்றழுகல். தக்காளி நாற்றங்கால் வைத்தவர்களுக்குத் தெரிந்த நோய்தான்: தரையை ஒட்டிய தண்டு கருத்துச் சாயும், மறுநாள் பக்கத்து நாற்றும் சாயும். மூடியை நாளுக்கு இருமுறை திறந்து காற்று விடுவதும், முளை வந்த இரண்டு வாரத்தில் மூடியை மெல்ல மெல்ல அகற்றுவதும்தான் சிறந்த மருந்து.

தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி அடியிலிருந்து ஈரம் ஏறவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். கோவையில் அதில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். தேங்கிய நல்ல நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள். டயரையும் தேங்காய் மூடியையும் கவிழ்த்துப் பார்க்கும் மாநகராட்சிப் பணியாளர்கள் மாடித் தட்டையும் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது சரியும்கூட. ஐந்து நாளைக்கு ஒருமுறை தட்டை முழுக்கக் கவிழ்த்து, துடைத்து, புதுநீர் ஊற்ற வேண்டும்.

கொசுவை ஒழிக்க இந்தச் செடியை வாங்குவதாகச் சொல்வோர் உண்டு. அது நடவாத காரியம். பொறியின் ஒவ்வொரு மடலிலும் பொதுவாக மூன்று உணர்மயிர்கள். ஏறக்குறைய இருபது நொடிக்குள் இருமுறை தொட்டால்தான் பொறி மூடும். மழைத்துளி, தூசி போன்ற ஒற்றைத் தொடுகைக்கு அது மயங்காது. மூடுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். குவிந்திருந்த மடல் சட்டென்று மறுபக்கம் வளைந்து திரும்புவதே அந்த வேகத்துக்குக் காரணம் என்று 2005-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சிக்கிய பூச்சி துடிக்கத் துடிக்கச் செடி தொடுகைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஐந்தளவில் வந்தபிறகே செரிமான நீரைச் சுரக்கத் தொடங்குகிறது என்று 2016-இல் தெரியவந்தது. ஒரு பூச்சியைச் செரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சில வேளை உணவோடு அந்தப் பொறி கருகி விழும். இப்படிக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் செடியின் வாயில் விரலை விட்டு வேடிக்கை பார்ப்பது அதைப் பட்டினி போட்டு வேலை வாங்குவதற்குச் சமம். கறித்துண்டோ முட்டையோ வைத்தால் பொறி அழுகும். வெளியில் வைத்த நாற்றுக்குச் சிற்றெறும்பும் மண்ணில் துள்ளும் நுண்பூச்சியும் தாமாகவே கிடைத்துவிடும்.

முதல் ஆண்டு இப்படிக் கழியும். உண்மையான சோதனை மார்கழியில் வரும்.

வில்மிங்டன் 34 பாகை வடக்கே இருக்கிறது. கோவை 11 பாகையில். அங்கே கோடைப் பகல் பதினான்கரை மணி நேரம், குளிர்காலப் பகல் பத்து மணிக்கும் குறைவு. நமக்கோ இரண்டுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். அங்கே சனவரி இரவுகள் உறைநிலையை ஒட்டி இறங்கும். கோவையில் தை மாதத்து விடியலிலும் பதினெட்டுப் பாகை இருக்கும். கோடையைப் பொறுத்தவரை பெரிய இடைவெளி இல்லை. கரோலைனாவின் சூலை வெயில் முப்பத்திரண்டைத் தொடும். நம் சித்திரை வெயிலை நண்பகல் நிழலும் வற்றாத தட்டும் கொண்டு செடி கடந்துவிடும். கொங்கு நாட்டில் ஈப்பொறி சாவது வெயிலால் என்று பொதுவாக நினைக்கிறார்கள். குளிர்காலம் இல்லாததுதான் பெரிய காரணம். மூன்று நான்கு மாதம் தூங்கி எழ வேண்டிய செடி இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து விழித்திருந்தால், பொறிகள் சிறுத்து, தரையடிக் கிழங்கு மெலிந்து, ஒருநாள் எழாமலே போகும்.

நாற்றுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டு தூக்கம் இல்லாமல் வளர்த்தாலும் அது தாங்கும். சிலர் வேண்டுமென்றே அப்படி வளர்த்துச் சீக்கிரம் பெருக்க வைக்கிறார்கள். மூன்றாம் ஆண்டிலிருந்து கட்டாயம். வீட்டுக் குளிர்பதனப் பெட்டிதான் கோவையின் வில்மிங்டன். கார்த்திகையில் தட்டு நீரை மெல்லக் குறைத்து, மார்கழித் தொடக்கத்தில் செடியைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, கருகிய இலைகளை நறுக்கிவிட வேண்டும். பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான ஸ்பாக்னம் பாசியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு வாரம். வாரம் ஒருமுறை திறந்து பூஞ்சணம் பார்க்க வேண்டும். உறையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுவது அவசியம். கொத்தமல்லி வேர் என்று நினைத்துக் குப்பைக்குப் போகக் கூடாது. மாசி இறுதியில் வெளியே எடுத்து நட்டால், வெயில் ஏற ஏறப் புதுப் பொறிகள் வரும்.

மலையேறத் துணிந்தவர்களுக்கு வேறொரு வழி கிட்டத்தில் இருக்கிறது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி மூன்று மணி நேரத்தில் உதகமண்டலம். 2,200 மீட்டருக்கு மேலே, தை மாத விடியலில் புல்மேல் உறைபனி படியும் ஊர். அங்கே உறவோ நட்போ இருந்தால் தொட்டியை மூன்று மாதம் அவர்கள் வீட்டு வெயில் விழும் திண்ணையில் விட்டுவிட்டு வரலாம். கொட்டும் பனியில் நேரே வைக்காமல் இருந்தால் சரி. கோத்தகிரியும் ஏற்காடும் அந்த அளவு குளிராவிட்டாலும் சமவெளியைவிட எவ்வளவோ மேல்.

மலை என்றதும் நம் சொந்தப் பூச்சியுண்ணிகளைச் சொல்லாமல் விட முடியாது. நீலகிரிப் புல்வெளியில் மழைக்காலத்தில் மண்டியிட்டுத் தேடினால், பிறை வடிவ இலைகளில் பசைத்துளி மினுங்க நிற்கும் ட்ரொசீரா பெல்டேட்டா கிடைக்கும். ஈப்பொறியின் அதே குடும்பம். அதுவும் தூங்கும், ஆனால் அது தூங்குவது வறட்சியில். மழை நின்றால் மேலே காய்ந்து, தரைக்கடியில் சிறு கிழங்காக ஒடுங்கி, அடுத்த மழைக்கு எழும். சமவெளியின் ஈரமணலிலும் செம்பாறைப் பகுதிகளிலும் ட்ரொசீரா பர்மானி, ட்ரொசீரா இண்டிகா இரண்டும் ஓராண்டுச் செடிகளாக முளைத்து, பூத்து, விதை உதிர்த்து மடிகின்றன. சித்த மருத்துவ மரபில் அழுகண்ணி, தொழுகண்ணி என்று சேர்த்துச் சொல்லும் இரட்டைப் பெயரில், அழுகண்ணி இந்தப் பனித்துளிச் செடிதான் என்பார் பலர். உவர்நிலத்தில் வளரும் வேறொரு செடியைக் காட்டுவாரும் உண்டு. தொழுகண்ணியோ பகலில் தன் சிற்றிலைகளைத் தானே அசைக்கும் செடி. செடிகளின் மின்துடிப்பை ஆராய ஜகதீச சந்திர போஸ் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று அது. ஈப்பொறியின் மின்துடிப்பை 1873-இல் முதலில் அளந்த பர்டன் சாண்டர்சன், 1901-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் போஸின் முடிவுகளை எதிர்த்தார். அசையாத சாதாரணச் செடிகளிலும் அந்தத் துடிப்பு உண்டு என்ற போஸின் கருத்தைத்தான் பின்னாளைய அறிவியல் ஏற்றது.

நம் பூச்சியுண்ணிகளின் ஆவணக் கருவூலமும் கோவையிலேயே இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல மையம் 1955 முதல் இங்கே இயங்குகிறது. சென்னை மாகாணத்துக் காலத்திலிருந்து சேர்ந்த உலர்தாவரத் தாள்கள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. அந்த மையத்தின் ஏ.என். ஹென்றியும் எம்.கே. ஜனார்த்தனமும் 1992-இல் வெளியிட்ட நூல் இந்திய யூட்ரிகுலேரியாக்களைப் பற்றியது. குளத்து நீரிலும் நனைந்த பாறையிலும் வளரும் இந்தப் பைச்செடியின் பொறி, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நுண்ணுயிரை உறிஞ்சிவிடும். ஈப்பொறியே அதற்கு முன் மந்தம். அதே துறை ஏற்காட்டில் நடத்தும் ஆர்க்கிட் தோட்டத்தில் மேகாலயத்துக் குடுவைச் செடியையும் காணலாம்.

விதை வளர்ப்பைப் புதிதாகத் தொடங்குபவர் ஈப்பொறிக்கு முன் ட்ரொசீரா பர்மானியில் கை பழகுவது நல்லது. அதே பீட் மாஸ், அதே மழைநீர், அதே தட்டு. ஆனால் குளிர்காலம் வேண்டாம், சில மாதத்தில் பூத்து, ஆண்டுக்குள் அடுத்த தலைமுறை விதையும் கிடைத்துவிடும். தண்ணீரில் செய்யும் பிழையை ஐந்தாண்டு காத்திருந்து தெரிந்துகொள்வதைவிட ஐந்து மாதத்தில் தெரிந்துகொள்ளலாம். விதையை வளர்ப்பவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். மலையில் பார்த்ததைப் பிடுங்கி வருவது அந்த இடத்தையே மொட்டையாக்கும்.

விதையில் வளர்ந்த ஈப்பொறி தாயைப்போல இருக்குமா? இருக்காது. கொங்கு உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டு மாவின் கொட்டையைப் போட்டால் அதே மாம்பழம் வராது என்பது தெரிந்ததுதான். பெரும்பொறி, முழுச் சிவப்பு என்று பெயரோடு விற்கும் ரகங்கள் எல்லாம் திசு வளர்ப்பிலோ கிழங்கைப் பிரித்தோ பெருக்கியவை. நம் தோட்டங்களில் நிற்கும் ஜி-9 திசு வாழையைப்போல ஒன்றின் நகல் மற்றொன்று. ஆகவே ரகத்தின் பெயர் சொல்லி விதை விற்பவரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் விதைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. இருபது நாற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சிலது கோவையின் மிதமான தை மாதத்தைத் தாங்கும், சிலது சுருண்டுவிடும். தாங்கியதிலிருந்து விதை எடுத்து, அதிலும் தாங்கியதை எடுத்துப் போகப் போக, இந்த ஊர்ச் சூட்டுக்குப் பழகிய வம்சம் ஒன்றை உருவாக்கிப் பார்க்கலாம். நகல் செடியில் அந்த வாய்ப்பே இல்லை.

அதற்குச் செடி பூக்க வேண்டும். நல்ல தூக்கம் போட்டு எழுந்த நான்கைந்து வயதுச் செடி, பங்குனி சித்திரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பூந்தண்டு விடும். மகரந்தம் சுமந்து வருபவை பொறியில் சிக்காதிருக்கத்தான் அந்த உயரம் என்பது நெடுநாள் ஊகம். தாயகத்தில் பூவுக்கு வரும் சிறு தேனீயும் வண்டுகளும் பொறிகளில் ஏறக்குறைய அகப்படுவதே இல்லை என்பதை 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மெலிந்த செடியாக இருந்தால் தண்டு விரலளவு இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். பூப்பதற்குள் சேமிப்பெல்லாம் தீர்ந்து சாகும். திடமான செடியாக இருந்தால், வெள்ளைப் பூ விரிந்த முதல் நாள் மகரந்தம் உதிரும். சூலகமுடி அடுத்த ஓரிரு நாளில் பஞ்சுபோல் பிரியும். முதல்நாள் பூவின் தூளைச் சிறு வண்ணத் தூரிகையில் எடுத்து, பஞ்சு பிரிந்த மற்றொரு பூவில் தடவ வேண்டும். வேறு விதையில் வந்த செடியின் தூளாக இருந்தால் இன்னும் நல்லது. நான்கு முதல் ஆறு வாரத்தில் பூ கருகி, காய்ந்த கோப்பைபோல் திறக்கும். அதற்குள் இருபது முப்பது கரிய விதை குவிந்திருக்கும். காற்று தட்டிவிடுமுன் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு தண்டைச் சாய்க்க வேண்டும். அப்போது பெரும்பாலும் வைகாசியாக இருக்கும். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்.